காய்ச்சல் விடும், புண் ஆறும்

மெக்கானிக் வீட்டுச் சமையலறை ஜன்னலோரம் இருந்த ஒரு டம்ளர் பால் ஒன்பது வருஷமாக ஆறவில்லை. கொதிக்கவும் இல்லை. ஒரு சின்னப் பிள்ளை உதட்டைச் சுருக்காமல் குடிக்கக்கூடிய சூடு என்று சொல்வோமே, உடம்புச் சூட்டைவிட ஒரு பிடி அதிகம், அந்தச் சூட்டிலேயே நின்றது. அப்படி வெதுவெதுப்பாக வைத்த பால் பொழுது சாய்வதற்குள் திரிந்துவிடும் என்பது பால் வாங்குகிற எல்லோருக்கும் தெரியும். இது திரியவில்லை, ஆடை கட்டவில்லை, அளவும் குறையவில்லை. ஆவி மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அதனால் ஜன்னல் கண்ணாடியில் அந்த ஒரு இடம் எல்லாக் காலத்திலும் வேர்த்திருக்கும். முதல் மழைக்காலத்தில் தெருக்காரர்கள் சிலர் வந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு வெங்காய விலை ஏறியது, பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. எதிர்வீட்டில் பிள்ளை பெற்றவள் மட்டும் தன் புட்டிப் பாலைக் கொண்டுவந்து அந்த டம்ளரை ஒட்டி வைத்து, பதமானதும் எடுத்துக்கொண்டு போவாள். தெருப் பூனை அதனருகில் சுருண்டு தூங்கும். அதுகூட வாய் வைத்ததில்லை.

ஏன் ஆறவில்லை என்பது அந்த வீட்டுத் தையல்காரிக்குத் தெரியும். மெக்கானிக்கின் மனைவி அவள். தெரிந்தும் ஒருவரிடமும் சொன்னதில்லை.

அவள் பிறந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் கைவைத்தியம் பார்ப்பார்கள். அபூர்வமான சரக்கு எதுவும் கிடையாது. மிளகு, தேன், உப்பு, வெங்காயம், கிராம்பு, விளக்கெண்ணெய், எந்த அலமாரியிலும் இருப்பதுதான். மருந்தைக் கொடுக்கும்போது சொல்கிற சொல்தான் வேலை செய்தது. ஒவ்வொரு நோய்க்கும் அதற்கென்று ஒரு சொல் உண்டு. காய்ச்சல் விடும். புண் ஆறும். வீக்கம் வடியும். இருமல் நிற்கும். சளி கரையும். கட்டி உடையும். இதை யாரும் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கவில்லை. மொழியே அப்படித்தான் இருக்கிறது. காய்ச்சல் வடிந்தது என்றோ புண் நின்றது என்றோ எந்த ஊரிலும் யாரும் சொல்வதில்லை. மற்ற வீடுகளில் அது வெறும் பேச்சு வழக்கு. அந்த வீட்டில் அதுவே மருந்து. மிளகும் தேனும் அந்தச் சொல் ஏறிப் போகிற வண்டி. "மாத்திச் சொன்னா மாறிப் போயிடும்" என்பது அவர்கள் வீட்டுப் பழமொழி. நடக்கப் பழகும்போதே பிள்ளைகளுக்கு இதையும் பழக்கிவிடுவார்கள்.

மாறிப் போனதும் உண்டு. முழங்கால் வீக்கத்துக்கு யாரோ வாய் தவறி "நின்னுடும்" என்று சொல்லிவிட, ஒரு சித்தப்பா ஒன்றரை வருஷம் உட்கார முடியாமல் நின்றுகொண்டே இருந்தார். சாப்பாடும் நின்றபடி, தூக்கமும் சுவரில் சாய்ந்தபடி. தன் மகள் கல்யாணப் படத்தில் எல்லோரும் நாற்காலியில் இருக்க, அவர் ஒருவர் மட்டும் கம்பம் மாதிரி நிற்கிறார். ஒரு அத்தை இருமலுக்கு "வடிஞ்சிடும்" என்று சொல்லி, மாடித் தொட்டித் தண்ணீர் முழுக்க வடிந்தது. நிரப்பினார்கள், திரும்பவும் வடிந்தது. இருமல் இருந்தபடி இருந்தது. கட்டிக்கு "விட்டுடும்" என்று சொன்ன வீட்டில், பின்கட்டில் குடியிருந்தவர்கள் மறுநாளே வீட்டை விட்டுவிட்டுப் போனார்கள். இதையெல்லாம் விசேஷங்களில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். உயிர் போகிற மாதிரி யாரும் மாற்றிச் சொன்னதில்லை. ஏனென்றால் அதற்கும் ஒரு விதி வைத்திருந்தார்கள். அடுப்பிலிருந்து இறங்கிய மருந்து நோயாளியின் வாய்க்குப் போய்ச் சேரும்வரை வீட்டில் வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. அந்த நேரத்தில் மருந்துக்குக் காது திறந்திருக்கும். சொந்தக்காரன், வாடகைக்காரன், தபால்காரன் யார் எந்தச் சொல்லைச் சொன்னாலும் பிடித்துக்கொள்ளும்.

மெக்கானிக் வேறு மாதிரியான குடும்பத்திலிருந்து வந்தவர். குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் செய்கிறவர். ஒரு சாமான் எப்படி ஓடுகிறது என்று யாராவது கேட்டுவிட்டால் அவருக்குப் பசி மறந்துவிடும். "குளிர்னு ஒண்ணு கிடையவே கிடையாதுங்க" என்று வாடிக்கையாளர்களிடம் ஆரம்பிப்பார். "உள்ள இருக்கிற சூட்டை அள்ளிக்கிட்டுப் போய்ப் பின்னால கொட்டுது. அவ்வளவுதான் சமாசாரம். பின்பக்கம் கை வச்சுப் பாருங்க. இது உங்க தக்காளியோட சூடு." கல்யாணமான புதிதில் தையல்காரி தன் வீட்டுச் சொற்களைப் பற்றி அவரிடம் சொல்ல ஆரம்பித்தாள். அவர் கடைசிவரை கேட்டார்.

"அப்போ கம்ப்ரசர் ஓடலேன்னா என்ன சொல்லணும்?"

"ஓடும்னு சொல்லணும்."

"இத்தனை வருஷமா ஸ்பேனரைத் தூக்கிட்டு அலைஞ்சேனே, முன்னாடியே சொல்லக் கூடாதா?"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மருந்து கையில் இருக்கும்போது மற்றவர்கள் பேசக் கூடாது என்ற விதியை அதற்குப் பிறகுதான் சொல்வதாக இருந்தாள். சிரிப்பில் அந்தப் பேச்சு நின்றுபோனது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டவள், சொல்லவே இல்லை.

அவர்களுக்கு ஒரு மகள். எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பதால் சுண்டெலி என்று கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மத்தியானம் தையல்காரி பாலில் மிளகு தட்டிப் போட்டுக் காய்ச்சி, தேன் விட்டு, இரண்டு டம்ளர்களில் மாற்றி மாற்றி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆற்றுவதில் ஒரு நுணுக்கம் உண்டு: கை உயர உயரப் பால் மெல்லிசான இழையாக நீளும், இழை நீளும் அளவுக்குக் காற்று அதைத் தொடும், தொடுகிற காற்றெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். மெக்கானிக் வேலையிலிருந்து சீக்கிரம் வந்து நேரே மகளிடம் போய் உட்கார்ந்தார். பிள்ளைக்கு வேர்த்திருந்தது. அவர் புறங்கையை அவள் நெற்றியில் வைத்தார். சூடேறி நின்றுபோன கம்ப்ரசரை அவர் தொட்டுப் பார்ப்பது அப்படித்தான். உள்ளங்கையால் தொட்டால் சுட்டுவிடும், அதனால் புறங்கை. தொட்டுப் பார்த்து, மறுபடி ஓட்டலாம் என்று தெரிந்ததும் கூட இருப்பவர்களுக்குக் கேட்கும்படி அவர் சொல்கிற சொல் ஒன்று உண்டு. அதை அன்றைக்கும் சொன்னார், சந்தோஷமாக, சமையலறைப் பக்கம் திரும்பி:

"ஏம்மா, ஆறிடுச்சு. நல்லாவே ஆறிடுச்சு."

பால் இழை அப்போது பாதி வழியில் இருந்தது. மீதிப் பாதியும் விழுந்து முடிகிற நேரம் தையல்காரி அசையவில்லை. பிறகு டம்ளரை வைத்துவிட்டு ஓடினாள். "விட்டுடும், விட்டுடும்" என்று மகள் காதில் சொன்னாள். சொல் ஒருமுறை பிடித்துக்கொண்டால் அதன்மேல் இன்னொன்று ஒட்டாது. முதலில் நெற்றி சில்லிட்டது, பிறகு காது மடல், பிறகு விரல்கள். "பாரு, குளுகுளுன்னு ஆயிட்டா" என்று அவர் சிரித்துக்கொண்டே மகளின் காலைத் தொட்டார். அப்புறம் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கம்பளி மேல் கம்பளியாகப் போர்த்தினார்கள், விளக்குகளை வைத்துச் சூடு காட்டினார்கள், வெந்நீர்ப் பைகளை அடுக்கினார்கள். எல்லாச் சூடும் பிள்ளைக்குள் போனது, எங்கும் தங்கவில்லை. ரத்தத்தில் கிருமி என்றார் டாக்டர். அதற்கு ஒரு பெயரும் சொன்னார். "எப்பலேருந்து காய்ச்சல்? முன்னாடியே ஏன் கொண்டு வரலை?" என்று எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அவர்களிடமும் கேட்டார். அந்தக் கேள்வியை மெக்கானிக் விடைபோல எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது அவர் சமையலறை வாசலில் நின்று, ஒருவர் விடாமல் கேட்கும்படி சொன்னார்: "பிள்ளை அனலாக் கொதிச்சிட்டு இருக்கா. இவ இங்க நின்னு பால் ஆத்திட்டு இருக்கா. உங்க வீட்டு வைத்தியம்தான் என் பொண்ணைக் கொண்டுபோச்சு." தையல்காரியின் அக்கா, ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள், கம்பிக்குப் பின்னாலிருந்து ஊரையே அதட்டிப் பழகிய வாய், எழுந்து, "இனி இந்த வாசப்படியை மிதிச்சேன்னா என்னை ஏன்னு கேளுங்க, மாப்ள" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

அப்போது தையல்காரியின் கையில் அந்த டம்ளர் இருந்தது. ஊற்றிக் கழுவலாம் என்று எடுத்தவள், தொட்டதும் புரிந்துகொண்டாள். ஆறு என்ற சொல் அந்த மத்தியானம் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது பாலுக்கு வர வேண்டியது. விலாசம் மாறிய கடிதம்போல அது உள்ளறைக்குப் போய்விட்டது. பாலுக்கு இனி ஆறுவதற்குச் சொல் இல்லை. அவளுக்கு இன்னொன்றும் புரிந்தது, அதைச் சொல்லிக்கொடுத்தது அவள் கணவரேதான். சூடு எங்கும் காணாமல் போவதில்லை, ஒரு பக்கம் எடுத்தால் இன்னொரு பக்கம் வந்து நிற்கும். அவள் இரண்டு கைகளாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டாள். மகளின் நெற்றி அது. காய்ச்சல் நெற்றிதான், ஆனாலும் அவளுடையது.

ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், பழி இடம் மாறியிருக்கும். அதை அவள் பலமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். தைக்கும்போது மிதியின் ஓசைக்கு ஏற்ப அது தானாகவே வரும். சொல்லிவிட்டால் அவர் என்ன ஆவார் என்பதையும் கூடவே பார்த்தாள். ஒரு கம்ப்ரசர் எரிந்தால்கூடத் தன் கை எங்கே தவறியது என்று தேடித் தேடிச் சாப்பிடாமல் இருக்கிற மனுஷன். பழியை இவள் தாங்கிக்கொள்வாள், இவளுக்கு உண்மை தெரியும் என்பதால். அவருக்கு அப்படிப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. விதியை அவரிடம் சொல்லாமல் விட்டது தான்தானே என்பதும் இருந்தது. ஆகவே வாயை மூடிக்கொண்டாள்.

மெக்கானிக் அந்த டம்ளரை ஒரு நாளும் கையால் தொடவில்லை. முதல் வருஷம் தட்டோடு தூக்கிக்கொண்டு போய்ப் பட்டறையிலிருந்த பெரிய உறைபெட்டியில் வைத்தார். மறுநாள் திறந்தபோது சுற்றிலும் பூனை முடிபோல வெண்பனி படர்ந்திருந்தது, நடுவில் பால் ஆவி விட்டுக்கொண்டிருந்தது, கம்ப்ரசர் எரிந்துபோயிருந்தது. தட்டோடு திரும்பக் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்தார். கட்டிலைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு இருவருக்கும் நடந்த பேச்சு சாவி, சிலிண்டர், குடை இவற்றைப் பற்றியதுதான். அவள் வைத்தியத்தை நிறுத்தினாள். விக்கலோடு வந்த பிள்ளைகளைக்கூட, "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று அனுப்பினாள். சொற்களையே பயந்து புழங்கினாள். துணியில் தையல் விட்டிருந்தால் விட்டிருக்கிறது என்று சொல்லமாட்டாள், விரலால் தொட்டுக் காட்டுவாள். சாயங்காலம் அவர் வருவதற்கு முன் கொஞ்ச நேரம் அந்த டம்ளரைக் கைகளுக்குள் வைத்துக்கொண்டு நிற்பாள். அவ்வளவுதான் அவளுடைய நாள். வருஷங்கள் அப்படியே போயின.

ஒன்பதாவது வருஷம் அக்கா வந்து வாசற்படியை மிதித்தாள். இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டுதான் மிதிக்க முடிந்தது. முழங்கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

"ஏன்னு கேக்காதே" என்றாள் உள்ளே வந்து உட்கார்ந்ததும். "மூணு டாக்டர் பாத்தாச்சு. நம்ம வீட்டுல உன் ஒருத்தி வாய்தான் மிச்சம். எனக்கு நானே சொல்லிக்க முடியுமா? என் வாய்க்கு வந்ததெல்லாம் 'சில்லறை குடு, சில்லறை குடு'தான்."

"நான் விட்டுட்டேன்க்கா."

"விட்டுட்டியா? அதுக்குத்தான் கால் இப்படி ஊதிட்டு உக்காந்திருக்கு. உப்பு வறு. ஒத்தடம் குடு. ஒரு வார்த்தை சொல்லு. உன் வீட்டுச் சோறு வேணாம், போயிட்டே இருக்கேன்."

உப்பு எங்கே என்று தானே தேடிக்கொண்டு அக்கா சமையலறைக்குள் நொண்டி வந்தாள். அங்கே ஜன்னலோரத்து ஆவியைப் பார்த்தாள், வேர்த்த கண்ணாடியைப் பார்த்தாள், டம்ளர் மேல் கையைக் காட்டினாள். அந்தக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. உப்பை மறந்துவிட்டாள்.

"ஆறுங்கிற சொல்லு வேற எங்கயோ போயிருக்கு" என்றாள் மெதுவாக. "சுண்டெலிக்கா?"

தையல்காரி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரு சொன்னது?"

அந்த நேரத்தில் மெக்கானிக் பையோடு உள்ளே வந்தார். நீண்ட நாளாக வராதவளின் செருப்பை வாசலில் பார்த்துவிட்டுத் தயங்கி, சமையலறை வாசலில் வந்து நின்றார். அவர் நிழல் தரையில் விழுந்ததைத் தையல்காரி பார்த்தாள்.

"நான்தான்" என்றாள்.

"நீயா? பாலை விட்டுக் கண்ணை எடுக்காதவ நீ. நீயா காய்ச்சலுக்கு ஆறுன்னு சொன்னே?"

"வாய் தவறிடுச்சு. நான்தான்க்கா சொன்னேன்."

அக்கா சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள். கோபப்படவில்லை. தங்கையின் தோளைத் தொட்டு, ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு ரயில் மாறும் வழி சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னாள். "சரி. இத்தனை வருஷம் இதை வச்சுக்கிட்டா இருந்தே? பைத்தியக்காரி. யாரு வாயிலேருந்து சொல்லு வழி மாறிச்சோ, அவங்க வாயாலயே உரிய இடத்துல சொன்னா போய்ச் சேந்துடும்னு நம்ம வீட்டுல சொல்லுவாங்களே, மறந்துட்டியா? டம்ளரைப் பாத்து ஆறுன்னு சொல்லு. பாலும் ஆறும், உங்க ரெண்டு பேர் மனசும் ஆறும். சொல்லு."

"அப்புறம் சொல்றேன்க்கா."

"எப்புறம்? மாப்ளையும் வந்தாச்சு, கேக்கட்டும். சொல்லுடி."

மறுத்தால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் விடமாட்டாள். தையல்காரி டம்ளர் பக்கம் திரும்பி, "ஆறு" என்றாள்.

மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆவி முன்போலவே ஏறியது. "இன்னொரு தடவை, சத்தமா" என்றாள் அக்கா. தையல்காரி சத்தமாகச் சொன்னாள். கண்ணாடியில் ஒரு துளி திரண்டு வழிந்தது. பால் அப்படியே இருந்தது.

அந்த மத்தியானம் வீட்டில் மூன்றே பேர் இருந்தார்கள். பிள்ளை பேசவில்லை. சொன்னது இவளும் இல்லை என்று பாலே சொல்லிவிட்டது. ஒரு இயந்திரம் ஓடவில்லை என்றால், நன்றாக இருக்கிற பாகங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு மிஞ்சுவதில்தான் பழுது என்று கண்டுபிடிப்பது மெக்கானிக்கின் தொழில். அவர் வாசலில் நின்றபடி அதைச் செய்து முடித்தார். தன் புறங்கையைத் திருப்பிப் பார்த்தார். பையைக் கீழே வைக்கப் பார்த்தார், அது எங்கோ இடித்து ஸ்பேனர்கள் சரிந்தன.

"அன்னிக்கு… நான்தானே சொன்னேன்" என்றார்.

தையல்காரி திரும்பாமல், "கை கழுவிட்டு வாங்க. சாப்பிடலாம்" என்றாள்.

"உனக்குத் தெரியும்."

"தட்டு எடுத்து வைக்கிறேன்."

"ஒன்பது வருஷமா தெரியும். நான் அத்தனை பேர் முன்னாடி உன்னை…"

ஊரையே அதட்டிய வாயைக் கையால் பொத்திக்கொண்டு அக்கா நின்றாள். பிறகு, கையை எடுக்காமலே, "மாப்ள, நீங்க சொன்னா ஆறிடும்" என்றாள்.

மெக்கானிக் முதல் தடவையாக அந்த டம்ளரைத் தொட்டார். புறங்கையை வைத்தார், பிறகு இரண்டு உள்ளங்கைகளாலும் பிடித்துத் தூக்கினார். அவர் முகம் மாறியதைத் தையல்காரி பார்த்தாள். இந்தச் சூடு அவருக்கும் தெரியும். வேர்த்துக் கிடந்த நெற்றியில் அவர் கை வைத்த கணத்தில், சொல்லுக்கு முந்தின கணத்தில், இருந்த சூடு. அவர் உதடு பிரிந்தது.

"வேணாங்க" என்றாள் அவள். அத்தனை வருஷத்தில் அவரிடம் தனக்கென்று அவள் கேட்டது அது ஒன்றுதான்.

அவர் டம்ளரை மார்போடு வைத்துக்கொண்டார். "இருக்கட்டும்" என்றார். அது எந்த நோய்க்கும் உரிய சொல் இல்லை. எதுவும் நடக்கவில்லை, பால் சூடாகவே இருந்தது.

அன்று தையல்காரி உப்பை வறுத்துத் துணியில் முடிந்து அக்காவின் முழங்காலில் ஒத்தடம் கொடுத்தாள். மெக்கானிக் வாயைத் திறக்காமல் கூடத்தின் மூலையில் உட்கார்ந்திருந்தார். "வடியும்" என்றாள் அவள். பொழுது சாய்வதற்குள் வீக்கம் வடிந்தது. அக்கா இரண்டு காலாலும் வாசற்படியை இறங்கிப் போனாள்.

பிறகு அவர் ஒரு நாள் கேட்டார்: "நான் அன்னிக்கு சமையல்கட்டு வாசல்ல நின்னு எல்லார் முன்னாடியும் சொன்னேனே. அதுக்கு உங்க வீட்டுல என்ன சொல்லுவாங்க?" தையல்காரி பட்டனைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டு யோசித்தாள். தீப்புண்ணுக்கு உண்டு, வெட்டுக்காயத்துக்கு உண்டு, விஷக்கடிக்கு உண்டு. "அதுக்கு இல்லீங்க" என்றாள். அவர் தலையாட்டினார். கட்டில் கூடத்திலிருந்து உள்ளே வந்தது. ஆனால் இருவரும் சுவரைப் பார்த்துத்தான் படுத்தார்கள், இருவருக்கும் தூக்கம் வர நேரமானது. அவர் சாப்பாடு குறைந்தது. வாடிக்கையாளர்களுக்கு எதையும் விளக்குவதை நிறுத்திவிட்டார். பெட்டியின் பின்பக்கத்தைத் தொட வேண்டியிருந்தால் துணியைச் சுற்றிக்கொண்டு தொட்டார். சாயங்காலங்களில் அவள் கொஞ்ச நேரம் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு அவர் கையில் கொடுப்பாள். அவர் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தபின் பட்டறையை மூடினார்கள். வாசற்படி ஏற முடியாமல் ஊரின் மறுகோடியில் படி இல்லாத ஒரு சின்ன வீடு பார்த்தார்கள். தையல் இயந்திரம், கட்டில், பாத்திரங்கள் எல்லாம் வண்டியில் ஏறின. வண்டிக்காரர் சாமான்களைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு முன்னால் வந்து பார்த்தபோது, பெரியவர் மடியில் துண்டை விரித்து அதன்மேல் ஒரு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்த அம்மா டம்ளரின் வாயைக் காற்றுப் படாமல் உள்ளங்கையால் மூடியிருந்தாள்.

"பாலாய்யா? குடிச்சிடுங்க. போற தூரத்துக்கு ஆறிப் போயிடும்."

"அது ஆறாது தம்பி" என்றார் அவர். "நீங்க மெதுவா மட்டும் ஓட்டுங்க. தளும்பும்."

வண்டிக்காரர் சரி என்று சொல்லிவிட்டு, பள்ளங்களில் பார்த்துப் பார்த்து இறக்கி, மெதுவாகவே ஓட்டினார்.